காலேஜ் ஃபுட்பால் சாம்பியன் யாருன்னு யார் முடிவு பண்றது, எப்படி பண்ணணும்?

2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை. ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் பசங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து டிவி பாத்துட்டு இருந்தாங்க. அந்த சீசன்ல 13 மேட்ச் ஆடி 13லயும் ஜெயிச்சிருந்தாங்க, அவங்க கான்ஃபரன்ஸ் கோப்பை முந்தின நாள் ராத்திரிதான் கைக்கு வந்திருந்துச்சு. நேஷனல் சாம்பியன்ஷிப்புக்கு ஆடப்போற 4 டீம் பேர வரிசையா அறிவிச்சாங்க: மிச்சிகன், வாஷிங்டன், டெக்சாஸ், அலபாமா. அவ்ளோதான். இதுல டெக்சாஸும் அலபாமாவும் ஆளுக்கு ஒரு மேட்ச் தோத்த டீம்.

அன்னைக்கு எங்க அக்கா பையன் என்கிட்ட கேட்டான், "மாமா, ஒரு மேட்ச் கூட தோக்காத டீம எப்படி வெளிய அனுப்ப முடியும்?" நியாயமான கேள்வி. இதப்பத்தி பேசுறவங்கள்ல பாதிப்பேர் "எல்லாம் காசு விளையாட்டு"ன்னு முடிச்சிடுறாங்க, மீதிப்பேர் "டீம் எண்ணிக்கைய கூட்டுனா சரியாயிடும்"ங்குறாங்க. ரெண்டுமே விஷயத்தோட வேர தொடல. அதனால அடியில இருந்து சொல்றேன், இந்த விளையாட்ட ஒரு தடவ கூட பாக்காதவங்களுக்கும் புரியணும்னு.

## மொதல்ல, இது என்ன, யார் நடத்துறாங்க

இங்க ஃபுட்பால்னு சொல்றது மெஸ்ஸி ஆடுற கால்பந்து இல்ல, ஹெல்மெட் போட்டு முட்டை ஷேப் பந்த கையில தூக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். அத யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸ் ஆடுறதுதான் காலேஜ் ஃபுட்பால். காலேஜ்னு சொன்னதும் சின்ன கிரவுண்ட் ஞாபகம் வரும், ஆனா மிச்சிகன் யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல உக்காரலாம், மேட்ச் இருக்குற சனிக்கிழமை அது நிறைஞ்சிடும்.

அமெரிக்க காலேஜ் விளையாட்டுகள நடத்துற அமைப்பு பேரு என்சிஏஏ. பேஸ்கட்பால், நீச்சல், தடகளம் எல்லாத்துக்கும் அவங்கதான் சாம்பியன் பட்டம் கொடுக்குறாங்க. ஆனா ஃபுட்பாலோட மேல்மட்டமான எஃப்பிஎஸ் பிரிவுக்கு மட்டும் இன்னைக்கு வரைக்கும் என்சிஏஏ பட்டம் கொடுத்ததே இல்ல. அந்த இடம் காலியா இருந்ததால பத்திரிகைக்காரங்க, கோச்சுங்க, கம்ப்யூட்டர், கமிட்டின்னு ஒவ்வொருத்தரா உள்ள வந்தாங்க. இப்ப இருக்குற பிளேஆஃப கான்ஃபரன்ஸ் தலைவர்களும் நோட்ரே டேம் யுனிவர்சிட்டியும் சேர்ந்து நடத்துறாங்க.

கான்ஃபரன்ஸ்னா என்னன்னா, பத்துல இருந்து பதினெட்டு யுனிவர்சிட்டி வரைக்கும் சேர்ந்து வச்சிருக்குற ஒரு லீக், எஸ்இசி, பிக் டென், ஏசிசி இந்த மாதிரி. டீம்கள் பெரும்பாலும் தன் கான்ஃபரன்ஸுக்குள்ளயே ஆடும், வெளிய ஆடுறது மூணு நாலு மேட்ச்தான்.

## பாயிண்ட்ஸ் டேபிள் போட்டா என்ன?

நம்ம ஆளுங்க எல்லாரும் மொதல்ல கேக்குறது இதுதான், ஐபிஎல் மாதிரி டேபிள் போட்டு மேல இருக்குற 4 பேர எடுத்தா முடிஞ்சதுல்லன்னு.

ஐபிஎல்ல 10 டீம். ரெண்டு ரெண்டு பேரா ஜோடி போட்டா 45 ஜோடி வரும், ஒவ்வொரு ஜோடியும் ஒரு தடவையாவது மோதிடும். அதனால டேபிளுக்கு ஒரு அர்த்தம் இருக்கு, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே பரீட்சைய எழுதுறாங்க.

எஃப்பிஎஸ்ல 2024ல 134 டீம் இருந்துச்சு. ஜோடி கணக்கு போட்டா 8,911. ஒரு டீமுக்கு ரெகுலர் சீசன்ல 12 மேட்ச், அப்ப மொத்தமே 800 சொச்சம் மேட்ச்தான். அதாவது பத்துல ஒம்பது ஜோடி ஒருத்தர ஒருத்தர் கிரவுண்ட்ல பாக்கவே மாட்டாங்க. மேட்ச கூட்டவும் முடியாது, இது ஒடம்பு முட்டிக்கிற விளையாட்டு, வாரத்துக்கு ஒரு மேட்ச் ஆடுறதுக்கே பசங்களுக்கு அடுத்த அஞ்சு நாள் ஒடம்பு தேற வேண்டியிருக்கு.

பத்து ஊர்ல தனித்தனியா கபடி போட்டி நடக்குதுன்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு ஊர்லயும் ஒரு டீம் ஜெயிச்சிருக்கு. ஒரு ஊர்ல எல்லாரும் பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்க, அங்க ரெண்டு தோல்வியோட ஜெயிச்ச டீம் ஒண்ணு, இன்னொரு ஊர்ல எதிர்ல நின்னவங்க எல்லாம் புதுசா ஆடுறவங்க, அங்க தோக்காம ஜெயிச்ச டீம் ஒண்ணு, இதுல எது பெரிய டீம்? எதிர்ல யார் நின்னாங்கன்னு பாக்காம இதுக்கு பதில் சொல்ல முடியாது. ஒரு டீம் சந்திச்ச எதிராளிங்க எவ்ளோ வலுவானவங்கங்குற அந்தக் கணக்குக்குத்தான் ஷெட்யூல் பலம்னு பேரு.

ஆக, டீம் நிறைய, மேட்ச் கம்மி, ஷெட்யூல் ஆளுக்கு ஆள் வேற. வெறும் ஜெயிப்பு எண்ணிக்கைய வச்சு 134 டீம வரிசைப்படுத்த முடியாது. அங்கதான் மனுஷன் கருத்து உள்ள நுழையுது.

## ஓட்டு போட்டு சாம்பியன் ஆக்குன காலம்

1936ல ஏபி செய்தி நிறுவனம் வாராவாரம் பத்திரிகைக்காரங்ககிட்ட ஓட்டு வாங்கி டீம்கள வரிசைப்படுத்த ஆரம்பிச்சாங்க. 1950ல கோச்சுங்க ஓட்டு போடுற ரேங்கிங் தனியா வந்துச்சு. சீசன் முடிவுல எது நம்பர் 1ஓ அதுதான் நேஷனல் சாம்பியன். ரெண்டு ரேங்கிங்கும் ஒரே டீம சொன்னா ஒரு சாம்பியன், வேற வேற சொன்னா ரெண்டு சாம்பியன்.

சரி, நம்பர் 1ஐயும் நம்பர் 2ஐயும் மோத விட்டா என்னன்னு கேப்பீங்க. தடையா நின்னது பவுல். பவுல்னா சீசன் முடிஞ்சதும் புத்தாண்ட ஒட்டி நடக்குற தனி மேட்ச், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஊரு, ஒரு ஸ்டேடியம், ஒரு ஒப்பந்தம். 1902லயே முதல் ஆட்டம் நடந்த ரோஸ் பவுல், பல பத்து வருஷமா பிக் டென் சாம்பியனும் மேற்குக் கடற்கரை சாம்பியனும்தான் ஆடணும்னு வச்சிருந்தாங்க. நம்பர் 1 இந்த பவுலுக்குப் போயிடும், நம்பர் 2 வேற ஒப்பந்தத்துல வேற பவுலுக்குப் போயிடும், ரெண்டும் மோதாமலேயே சீசன் முடியும்.

இதோட விளைவ 1990ல பாக்கலாம், இத கொஞ்சம் நிதானமாவே சொல்றேன். இந்த விளையாட்டுல 10 கஜம் முன்னேற ஒரு டீமுக்கு 4 முயற்சி கிடைக்கும், ஒவ்வொரு முயற்சிக்கும் பேரு டவுன். அக்டோபர் 6ம் தேதி மிசோரி கூட கொலராடோ ஆடுது, கடைசி அரை நிமிஷம், கொலராடோ பின்னாடி இருக்கு, பந்து எதிராளியோட எல்லைக் கோட்டுக்கு மூணு கஜம் பக்கத்துல, அதத் தாண்டுனா பாயிண்ட். முதல் டவுன்ல கடிகாரத்த நிறுத்துறதுக்காக பந்த தரையில அடிச்சாங்க. ரெண்டாவதுல ஓடிப் பாத்தாங்க, கோட்டு கிட்ட வரைக்கும் வந்தாங்க, டைம்அவுட் கேட்டாங்க. அந்த இடைவெளியில ஓரத்துல கம்பு புடிச்சு நிக்குறவர் 2ங்குற பலகைய 3க்கு மாத்தணும், மாத்தல. ரெஃபரிங்களும் கவனிக்கல. மறுபடி ஓடுனாங்க, தடுத்துட்டாங்க. மறுபடி பந்த தரையில அடிச்சாங்க, உண்மைக் கணக்குப்படி 4 முடிஞ்சு போச்சு, பந்து மிசோரிக்குப் போகணும். ஆனா பலகை இன்னொன்னு பாக்கின்னு சொல்லுது. அஞ்சாவது முயற்சியில க்வாட்டர்பேக் (பந்த எறிஞ்சு டீமோட ஆட்டத்த நடத்துற முக்கிய ஆட்டக்காரர்) சார்லஸ் ஜான்சன் கோட்டத் தாண்டி விழுந்தாரு. 33-31, கொலராடோ ஜெயிப்பு. முடிவ மாத்தல.

அந்த கொலராடோவத்தான் சீசன் முடிவுல ஏபி நம்பர் 1 ஆக்குச்சு. கோச்சுங்க ரேங்கிங்ல தோல்வியே இல்லாத ஜார்ஜியா டெக் நம்பர் 1, அதுவும் 847க்கு 846ன்னு ஒரே ஒரு பாயிண்ட் வித்தியாசத்துல. ரெண்டு டீமும் அந்த வருஷம் மோதவே இல்ல. அடுத்த வருஷம் 1991ல மயாமி, வாஷிங்டன்னு ரெண்டு சாம்பியன். 1997ல மிச்சிகன், நெப்ராஸ்கான்னு மறுபடி ரெண்டு.

## கம்ப்யூட்டர் வந்துச்சு, பிரச்சனை போகல

1998ல இருந்து 2013 சீசன் வரைக்கும் ஓடுன முறைக்கு பிசிஎஸ்னு பேரு. ஓட்டு ரேங்கிங்கையும் கம்ப்யூட்டர் ரேங்கிங்கையும் ஒரு ஃபார்முலாவுல போட்டுக் கலக்கி, மேல வர்ற ரெண்டு டீம மட்டும் ஒரு ஃபைனல்ல மோத விடுவாங்க. ரெண்டே ரெண்டு சீட்டு.

2003ல கம்ப்யூட்டர் கணக்கால ஒரு கூத்து. சதர்ன் கலிஃபோர்னியா டீம பத்திரிகைக்காரங்களும் கோச்சுங்களும் நம்பர் 1ன்னு சொல்றாங்க, ஆனா ஃபார்முலா அவங்கள மூணாவதா தள்ளிடுச்சு. தன் கான்ஃபரன்ஸ் ஃபைனல்லயே 35-7ன்னு அடி வாங்குன ஓக்லஹோமா ஃபார்முலால முதல் இடத்துல நிக்குது. ஃபைனல்ல எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டி) ஓக்லஹோமாவ ஜெயிச்சு கோப்பை வாங்குச்சு, ஏபி தன் பட்டத்த சதர்ன் கலிஃபோர்னியாவுக்குக் கொடுத்துருச்சு. ரெண்டு சாம்பியன் வரக்கூடாதுன்னு கொண்டுவந்த முறையிலயே ரெண்டு சாம்பியன்.

2004 இன்னும் வலிக்கிற கதை. சதர்ன் கலிஃபோர்னியா, ஓக்லஹோமா, ஆபர்ன் மூணும் தோக்கல. சீசன் ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி, யாரும் ஒரு பந்து கூட தொடாதப்ப, ஏபி ரேங்கிங்ல முதல் ரெண்டு பேரும் 1, 2ன்னு இருந்தாங்க, ஆபர்ன் 17. மேல இருக்குறவங்க தோத்தாதான் கீழ இருக்குறவங்க ஏற முடியும், அவங்க தோக்கவே இல்ல. ஆபர்ன் 13-0ன்னு, அதாவது 13 ஜெயிப்பு தோல்வியே இல்லன்னு முடிச்சும் ஃபைனல் பக்கம் போக முடியல. ஆகஸ்ட் மாசம் யாரோ யூகிச்சு எழுதுன நம்பர் ஜனவரி மாசம் வரைக்கும் அவங்க கால்ல விலங்கா கிடந்துச்சு.

சுருக்கமா, மொதல்ல வெறும் ஓட்டு, அப்புறம் ஓட்டு கூட கம்ப்யூட்டர். வரிசை போடுற கருவி மாறுச்சு, யார உள்ள விடுறதுங்குறது மட்டும் கருத்தாவே இருந்துச்சு.

## 13 பேர் கமிட்டி

2014ல 4 டீம் பிளேஆஃப் வந்துச்சு. ஃபார்முலாவ தூக்கிட்டு 13 பேர் கொண்ட கமிட்டி வச்சாங்க, யுனிவர்சிட்டி விளையாட்டுத் துறை தலைவர்கள், பழைய கோச்சுங்க, பழைய வீரர்கள் இந்த மாதிரி ஆளுங்க. சீசனோட பின்பாதியில இருந்து வாராவாரம் ரேங்கிங் வெளியிடுவாங்க, கடைசி ஞாயித்துக்கிழமை வர்றதுதான் செல்லும்.

முதல் வருஷமே டிசியு (டெக்சாஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) டீம் கடைசிக்கு முந்தின வாரம் 3வது இடத்துல இருந்துச்சு. கடைசி மேட்ச் 55-3ன்னு ஜெயிச்சாங்க. ஜெயிச்சுட்டு 6வது இடத்துக்கு இறங்குனாங்க! ஒஹையோ ஸ்டேட் 59-0ன்னு கான்ஃபரன்ஸ் ஃபைனல ஜெயிச்சு 4வதா உள்ள வந்து, கோப்பையும் வாங்கிட்டுப் போச்சு. பாத்தீங்களா கமிட்டி சரியாத்தான் எடுத்துச்சுன்னு அப்ப நிறையப் பேர் சொன்னாங்க. உள்ள விட்டிருந்தா டிசியு என்ன பண்ணியிருக்கும்னு தெரிஞ்சுக்க வழியே இல்லையே, அப்புறம் எத வச்சு சரின்னு சொல்றது?

2017ல யுசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா யுனிவர்சிட்டி) 13-0. சின்ன கான்ஃபரன்ஸ் டீம்ங்குறதால 4க்குள்ள பக்கத்துல கூட வரல. அவங்க தனியா ஆடுன பவுல்ல ஆபர்ன 34-27ன்னு ஜெயிச்சாங்க. அந்த ஆபர்ன் யாருன்னா, அந்த வருஷம் நேஷனல் ஃபைனல்ல ஆடுன அலபாமா, ஜார்ஜியா ரெண்டு பேரையும் அதே சீசன்ல ஜெயிச்ச டீம்.

அப்புறம் 2023, நான் ஆரம்பத்துல சொன்ன ஃப்ளோரிடா ஸ்டேட். நவம்பர் 18ம் தேதி அவங்க க்வாட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்கு கால் போச்சு. அதுக்கப்புறமும் ரெண்டு மேட்ச் ஆடி ரெண்டும் ஜெயிச்சாங்க. முக்கியமான ஆட்டக்காரர் இல்லைன்னா அதையும் கணக்குல எடுக்கலாம்னு கமிட்டி விதியில இருக்கு, அத வச்சு, இவர் இல்லாம இது அதே டீம் இல்லைன்னு 5வதா போட்டுட்டாங்க. என் கால் இன்னும் முன்னாடியே உடைஞ்சிருந்தா என் டீம் என்னைய மட்டும் நம்பி இல்லைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்ங்குற மாதிரி டிராவிஸ் எழுதுனாரு. 13 மேட்ச் ஜெயிச்ச ஒரு பையன், தன் கால் சீக்கிரம் உடையலையேன்னு வருத்தப்படுற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டுச்சு இந்த முறை. எனக்கு இன்னும் மனசு ஆறல.

## குழப்பத்தோட வேர்: ரெண்டு கேள்வி, ஒரே பதில்

எல்லா சண்டையும் இங்கதான் கிடக்கு. "எந்த டீம் பலமானது"ங்குறது ஒரு கேள்வி. "எந்த டீம் சாதிச்சிருக்கு"ங்குறது வேற கேள்வி. பலம்னா நாளைக்கு மோதுனா யார் ஜெயிப்பாங்கங்குற யூகம். சாதனைன்னா இதுவரைக்கும் யாரு யார ஜெயிச்சாங்கங்குற ரெக்கார்டு. ஒருத்தன் நல்லா படிக்கிற பையன்ங்குறதும், இந்தப் பரீட்சையில மார்க் வாங்கியிருக்கான்ங்குறதும் ஒண்ணு இல்லைல்ல, அந்த மாதிரி.

ஃப்ளோரிடா ஸ்டேட் விஷயத்துல கமிட்டி முதல் கேள்விக்கு பதில் சொல்லுச்சு, ரசிகர்கள் ரெண்டாவது கேள்வியக் கேட்டுட்டு இருந்தாங்க. ரெண்டு கேள்வியும் நியாயமானதுதான், ஆனா ஒரு வருஷம் இதையும் இன்னொரு வருஷம் அதையும் எடுத்துக்குறது நியாயம் இல்ல.

என்எஃப்எல்ல, அதாவது சம்பளம் வாங்கி ஆடுற ப்ரொஃபஷனல் லீக்ல, ஓட்டே கிடையாது. 32 டீம், பிரிவு பிரிச்சிருக்காங்க, பிரிவுல முதல் வந்தா உள்ள. 2010 சீசன்ல சியாட்டில் 7 ஜெயிப்பு 9 தோல்வின்னு ஒரு பிரிவ ஜெயிச்சுருச்சு. தோல்வி அதிகமா இருக்குற டீம் எப்படி வரலாம்னு பேசுனாங்கதான், ஆனா விதி விதிதான், வெளிய அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்ல. சியாட்டில் வந்துச்சு, முந்தின வருஷ சாம்பியன் நியூ ஆர்லியன்ஸ 41-36ன்னு சாச்சுருச்சு.

ஆக, பலம் யூகம், சாதனை ரெக்கார்டு. உள்ள விடுற கதவுக்கு எந்தச் சாவின்னு மொதல்லயே முடிவு பண்ணிடணும்.

## இப்ப இருக்குற 12 டீம் முறை

2024ல 12 டீம் ஆக்குனாங்க. 2024லயும் 2025லயும் கமிட்டி ரேங்கிங்ல மேல இருந்த 5 கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு கட்டாய இடம், மீதி 7 கமிட்டி தேர்வுன்னு இருந்துச்சு. 4 டீம் முதல் சுத்து ஆடாமலே அடுத்த சுத்துக்குப் போகும், அதுக்கு பை-ன்னு பேரு. மொத வருஷம் பை சாம்பியன்களுக்கு மட்டும்னு இருந்துச்சு, 2025ல ரேங்கிங்ல முதல் 4 இடம் யாரோ அவங்களுக்குன்னு மாத்திட்டாங்க.

2024ல ஒஹையோ ஸ்டேட் சொந்த கிரவுண்ட்ல மிச்சிகன்கிட்ட 13-10ன்னு தோத்து, கான்ஃபரன்ஸ் ஃபைனலுக்கே போகல. பழைய முறைன்னா அன்னைக்கே மூட்டை கட்டியிருக்கணும். இப்ப 8வது வரிசையில உள்ள வந்து நாலு மேட்ச் தொடர்ந்து ஜெயிச்சு சாம்பியன். அதுல ஒரு மேட்ச், அக்டோபர்ல அவங்கள 32-31ன்னு ஜெயிச்சிருந்த, 13-0ன்னு தோக்காம இருந்த ஓரிகன் கூட, 41-21. அப்ப அக்டோபர் மேட்ச்சுக்கு என்ன மதிப்புன்னு ஓரிகன் ரசிகன் கேட்டா, அத லேசா தள்ளிவிட முடியாது. ரெகுலர் சீசனோட மதிப்பு கொஞ்சம் குறைஞ்சது நிஜம்.

2025ல கடைசி ஒரு இடத்துக்கு மயாமியும் நோட்ரே டேமும். ரெண்டும் 10-2, சீசன் ஆரம்பத்துல நேருக்கு நேர் மோதி மயாமி 27-24ன்னு ஜெயிச்சிருந்துச்சு. ஆனா வாரக்கணக்கா கமிட்டி நோட்ரே டேமத்தான் மேல வச்சிருந்துச்சு. கடைசி வாரம் ரெண்டு டீமுமே ஆடல, ஞாயித்துக்கிழமை பாத்தா இடம் மாறியிருக்கு, மயாமி உள்ள. முடிவு சரிதான்னு நான் நினைக்கிறேன். ஆனா நேருக்கு நேர் ஜெயிச்சதுக்கு மதிப்பு உண்டுன்னா அது முதல் வாரத்துல இருந்தே இருந்திருக்கணும்.

## எப்படி பண்ணணும்?

எத்தன டீம்ங்குறது எனக்கு ரெண்டாம்பட்சம். ஆகஸ்ட் மாசம் சீசன் தொடங்குறப்ப எந்த டீம் கோச்சா இருந்தாலும் தன் பசங்ககிட்ட "இத செஞ்சா நம்ம உள்ள, யாரும் தடுக்க முடியாது"ன்னு ஒரு வரியில சொல்ல முடியணும், அதுதான் முக்கியம். 2004 ஆபர்ன், 2017 யுசிஎஃப், 2023 ஃப்ளோரிடா ஸ்டேட் மூணு பேருக்கும் செய்யுறதுக்கு மிச்சம் எதுவுமே இல்ல, எல்லா மேட்சும் ஜெயிச்சாச்சு.

அதனால எல்லா கான்ஃபரன்ஸ் சாம்பியனுக்கும் இடம் கொடுக்கணும், பெருசு சின்னது பாக்காம. ஒம்பது பத்து பேர் வருவாங்க, 16 டீம் வச்சா மீதி ஆறேழு இடத்த கமிட்டி நிரப்பட்டும், ஆனா நேருக்கு நேர் மோதல், ஷெட்யூல் பலம் இதுக்கெல்லாம் எவ்ளோ எடைன்னு சீசனுக்கு முன்னாடியே எழுதி வச்சிடணும். வரிசை நம்பரையும் கமிட்டியே போடட்டும், அதுல தப்பு வந்தா ஒரு டீமுக்கு பாதை கொஞ்சம் கஷ்டமாகும், அவ்ளோதான், கதவு மூடாது. முதல் ரெண்டு சுத்து மேல இருக்குற டீமோட சொந்த கிரவுண்ட்ல நடக்கணும், டிசம்பர் குளிர்ல ஒஹையோவுக்கோ இண்டியானாவுக்கோ போய் ஆடுறது லேசுப்பட்ட காரியம் இல்ல, அப்ப ரெகுலர் சீசன்ல மேல வர்றதுக்கும் மதிப்பு திரும்பும். பசங்க ஒடம்பு தாங்கணும்னா ரெகுலர் சீசன்ல ஒரு மேட்ச குறைக்கணும், டிவி காசு போகுதேன்னு இதுல கணக்கு பாக்கக்கூடாது.

இது கனவும் இல்ல. ஒரு படி கீழ இருக்குற எஃப்சிஎஸ் பிரிவுல என்சிஏஏ 1978ல இருந்தே பிளேஆஃப் நடத்துது, இப்ப 24 டீம், கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம், மீதிக்கு கமிட்டி. அங்க சாம்பியன் யாருன்னு சண்டை வர்றது இல்ல.

சின்ன டீம் வந்தா மேட்ச் ஒருபக்கமா போயிடும்ங்குறதுதான் பெரிய எதிர்ப்பு. 2025ல சின்ன கான்ஃபரன்ஸ்ல இருந்து டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ள வந்து முதல் சுத்துலயே தோத்ததும் இந்தப் பேச்சு இன்னும் பலமாச்சு. ஆனா 2024ல டென்னஸி 42-17ன்னு முதல் சுத்துல நொறுங்குனப்ப எஸ்இசி டீம இனிமே சேக்காதீங்கன்னு யாரும் சொல்லல. 2022 சீசன் ஃபைனல்ல ஜார்ஜியா டிசியுவ 65-7ன்னு அடிச்சுச்சு, அந்த 4 டீமும் கமிட்டி கை நீட்டி எடுத்ததுதான். பெரிய தோல்வி எந்த முறையிலயும் வரும். கிரவுண்ட்ல தோத்துட்டுப் போற பையனுக்கு தான் ஏன் போறோம்னு தெரியும்.

அக்கா பையன் இப்பவும் ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் கேக்குறான், இந்தத் தடவ சின்ன டீம் எதுவாவது உள்ள வருமான்னு. 2017ல கேட்டிருந்தா என்கிட்ட பதில் கிடையாது. இப்ப பாதி பதில் இருக்கு: உன் கான்ஃபரன்ஸ ஜெயி, அப்புறம் உள்ள வர்ற அளவுக்கு உன்ன கமிட்டி மேல வைக்குதான்னு ஞாயித்துக்கிழமை மத்தியானம் டிவி முன்னாடி உக்காந்து பாரு.